டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதா? சென்னையிலிருந்து மேல்முறையீடு செய்யும் முன்னாள் படைவீரர்களுக்கான கேள்வி பதில்

தரைப்படை, கடற்படை, விமானப்படையிலிருந்து உடல்நலக் குறைவோடு வெளியே வரும் பலருக்கு, சில மாதங்களில் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து (படைவீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) டிசபிலிட்டி பென்ஷனை மறுத்து ஒரு கடிதம் வருகிறது. நோயின் பெயர் இருக்கும், உடல் பாதிப்பின் சதவீதம் இருக்கும். கீழே, ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல’ என்று ஒரு வரி. படைவீரர்கள் பேச்சில் இது ‘என்.ஏ.என்.ஏ.’ இந்த வரியை எதிர்த்து வென்றவர்கள் நிறையப் பேர். தோற்ற வழக்குகள் பலவற்றில் நோயில் சந்தேகமே இருக்காது. மெடிக்கல் போர்டு, அதாவது வெளியேறும்போது பரிசோதித்த ராணுவ மருத்துவர் குழு, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே அப்பீல் போட்டிருப்பார்கள். அந்தத் தவறு இனி யாருக்கும் நேரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடிதம் வந்த தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் உள்ள தேதியையும் அது கைக்கு வந்த தேதியையும் குறித்து வையுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. கடிதத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்து, மறுப்புக்கு எது காரணம் என்று பாருங்கள். டிசபிலிட்டி பென்ஷனுக்கு இரண்டு நிபந்தனைகள்: நோயோ காயமோ ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும் அல்லது பணியால் மோசமடைந்திருக்க வேண்டும், பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சிலருக்கு முதல் நிபந்தனையில் மறுப்பார்கள், சிலருக்கு இரண்டாவதில், சிலருக்கு இரண்டிலும். எதில் மறுத்தார்களோ அதற்குத்தான் பதில் எழுத வேண்டும். சதவீதம் குறைவு என்று மறுத்தவர்களுக்குப் போய், பனிமலையில் பட்ட கஷ்டத்தை மூன்று பக்கம் எழுதினால் பயன் இல்லை.

கோபத்தில் அன்றைக்கே அப்பீல் எழுத உட்கார வேண்டாம். காகிதங்கள் கைக்கு வரட்டும்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்? எப்படி வாங்குவது?

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய வழங்கல் ஆணை), மறுப்புக் கடிதம் மூன்றும் உங்களிடமே இருக்கும். மற்றவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலேயே கட்டலாம், போஸ்டல் ஆர்டரும் அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.

‘என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தும்’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: வெளியேறும்போது நடந்த ரிலீஸ் அல்லது இன்வாலிடிங் (மருத்துவக் காரணத்தால் வெளியேற்றும்) மெடிக்கல் போர்டின் நடவடிக்கைகள், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவம் முழுமையாக, எல்லாப் பக்கங்களும். நடுவில் மருத்துவக் கேட்டகரி (உடல்தகுதி நிலை) குறைக்கப்பட்டபோது நடந்த போர்டுகளின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 படிவங்கள், படையில் சேர்ந்த அன்று நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களின் கேஸ் ஷீட், காயம் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 காய அறிக்கையும் கோர்ட் ஆஃப் என்கொயரி முடிவும். இது உங்கள் சொந்த ஆவணம் என்பதை மனுவிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று தட்டிக்கழிக்க வழி இருக்காது.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுகிறார்கள். அந்த ஆண்டுக் கணக்கை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே மனு போடுங்கள்.

ஐந்தாவது மாதம் வரை காகிதம் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ‘ஆவணங்கள் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் கூடுதல் காரணங்கள் தருவேன்’ என்று எழுதிச் சுருக்கமான அப்பீலை அனுப்பி, ஆர்.டி.ஐ. மனுவின் நகலை அதோடு இணையுங்கள்.

அந்த மெடிக்கல் போர்டு படிவத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16-ஐப் பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள். முன்பகுதியில் நீங்கள் வேலை செய்த இடங்கள் வரிசையாக ஒரு அட்டவணையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது பீஸா (அமைதிப் பகுதி), ஃபீல்டா (களப் பகுதி) என்று குறித்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் புக்கோடு ஒப்பிடுங்கள். ஃபீல்ட் போஸ்டிங் ஒன்று விட்டுப்போயிருக்கலாம், அல்லது பீஸைக் குறிக்கும் ‘P’ என்று தவறாகப் போட்டிருக்கலாம். ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் போர்டின் முடிவு அதன் மேல்தான் நிற்கிறது.

அதே பகுதியில், சேர்வதற்கு முன் இந்த நோய் இருந்ததா என்ற கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் இருக்கும். நோய் முதலில் எப்போது, எங்கே தெரிந்தது என்பதும் இருக்கும். பிறகு கமாண்டிங் ஆபீசரின் குறிப்பு: என்ன வேலை செய்தார், அது நோயைப் பாதித்ததா என்று. கடைசியில் போர்டின் கருத்து. பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா என்ற கேள்விகளுக்கு ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள்? பெரும்பாலும் அங்கே ஒரு வரிதான் இருக்கும்: ‘நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, பணி அழுத்தத்தோடு தொடர்பில்லை.’ சிலருக்கு அதுவும் இருக்காது, ‘என்.ஏ.என்.ஏ.’ என்பதே காரணமாகவும் இருக்கும். அப்படி இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். உங்கள் அப்பீலுக்கு அதைவிடப் பலமான காகிதம் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகள் என்ன சொல்கின்றன?

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துச் சொன்னதுதான் இன்றுவரை அடித்தளம். சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால் அந்தக் கெடுதல் பணியால் வந்தது என்று அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. சேரும்போதே கண்டுபிடிக்க முடியாத நோய் என்று போர்டு சொன்னால், ஏன் என்று காரணம் எழுத வேண்டும். 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கும், 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கும் இதையே உறுதிப்படுத்தின.

எதிர்த்தரப்புக்கு உதவும் தீர்ப்புகளும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோயைச் சேர்ப்பின்போது கண்டுபிடிக்கவில்லை என்பதாலேயே பணியால் வந்தது என்று தானாக அனுமானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே தீர்ப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். உங்கள் படிவத்தில் காரணம் எழுதப்படவில்லை, உங்கள் சேர்ப்புப் படிவத்தில் பதிவு இல்லை என்று உங்கள் காகிதத்தோடு இணைத்துக் காட்டுங்கள்.

எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பது வெளியேறிய தேதியைப் பொறுத்தது. 2008 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்களுக்கு 1982 விதிகள், பிறகு வந்தவர்களுக்கு 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள். பழைய ஆளுக்குப் புதிய விதியைக் காட்டி மறுத்திருந்தால் அதுவே ஒரு அப்பீல் காரணம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம். இவையெல்லாம் ‘எல்லோருக்கும் வரும் நோய்’ என்கிறார்களே?

அதிகம் மறுக்கப்படுவது இவைதான். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான 2008 வழிகாட்டியே இதற்கு இடம் தருகிறது. ஃபீல்ட், உயர்மலை, தீவிரவாத எதிர்ப்புப் பகுதி, நீண்ட நாள் கப்பல் பணி ஆகியவற்றில் இருக்கும்போது ரத்த அழுத்தம் தொடங்கினால், பணியால் அதிகமானதாக ஏற்க வேண்டும் என்பது அதன் கருத்து. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், ஃபீல்டில் மூன்று வருஷம் இருந்தவருக்கு அங்கே யாரும் பரிசோதனை செய்திருக்க மாட்டார்கள். பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து இரண்டாவது மாதம் வருடாந்திர மெடிக்கலில் பி.பி. தெரியவரும். போர்டு ‘தொடங்கிய இடம் பீஸ்’ என்று எழுதிவிடும். நோய் தெரியவந்த நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒன்றல்ல என்பதை, போஸ்டிங் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பீலில் காட்டுங்கள். ஃபீல்டில் எடுத்த கடைசி பி.பி. அளவு எந்தக் காகிதத்திலாவது இருந்தால் அதையும் சேருங்கள்.

மாரடைப்பு என்றால் அதற்கு முந்தைய 14 நாட்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்ற பட்டியலை யூனிட் கொடுத்திருக்க வேண்டும். பல கோப்புகளில் ‘சாதாரணப் பணி’ என்று இரண்டு வார்த்தை இருக்கும். அந்த 14 நாளில் இரவுக் காவல், நெடுநடைப் பயிற்சி, கான்வாய் ஏதாவது இருந்ததா? அதே யூனிட்டில் இருந்த ஒருவரின் பிரமாணப் பத்திரம் இங்கே உதவும்.

காது கேட்காமை: பீரங்கி, டாங்கி, எஞ்சின் அறை, விமான ஓடுதளம் என்று எதில் எத்தனை வருஷம் என்று எழுதி, ஆடியோகிராம்களைத் தேதி வரிசையில் வையுங்கள். முதுகுத்தண்டுப் பிரச்சினைக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு, எந்தச் சம்பவத்தில் வலி தொடங்கியது என்பது சிக் ரிப்போர்ட்டில் (உடல்நலமில்லை என்று யூனிட்டில் பதிவான அறிக்கை) இருந்தால் போதும்.

புகை, மது, உடல் எடை பற்றிப் போர்டு ஏதாவது குறித்திருந்தால் மறைக்கப் பார்க்காதீர்கள். வருடாந்திர மெடிக்கலில் எடை சரியாக இருந்த வருஷங்களைக் காட்டிப் பதில் சொல்லுங்கள்.

லீவில் வந்தபோது விபத்து நடந்தது. பென்ஷன் உண்டா?

லீவுக்காக யூனிட்டிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து யூனிட்டுக்கும் அனுமதிக்கப்பட்ட வழியில் போகும் பயணம் பணியாகவே கருதப்படும். சென்ட்ரலில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கு வாரண்ட், டிக்கெட், லீவு சான்றிதழ் மூன்றும் வேண்டும். வீட்டில் இருந்த நாட்களில் சொந்த வேலையாக பைக்கில் போய் விழுந்தது என்றால் பணியோடு தொடர்பு காட்டுவது கடினம், பெரும்பாலும் தோற்கிறது. பொய்யான நம்பிக்கை கொடுத்துப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதை வெளிப்படையாகச் சொல்கிறோம்.

முதல் மேல்முறையீட்டை யாருக்கு, எப்படி எழுதுவது?

ஜவான்கள், ஜே.சி.ஓ.க்கள் (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்கள்) தங்கள் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக, முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். மறுப்புக் கடிதத்திலேயே முகவரி இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

இரண்டு, மூன்று பக்கம் போதும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுங்கள். மேலே சர்வீஸ் எண், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, பி.பி.ஓ. எண், மறுப்புக் கடிதத்தின் எண்ணும் தேதியும். பிறகு பத்திகளுக்கு எண் போட்டு: சேர்ப்பில் நோய் பதிவு இல்லை, எந்த இடத்தில், எந்தப் பணியில் நோய் வந்தது, போர்டு சொன்ன காரணம் எது, அது ஏன் தவறு, சார்ந்த தீர்ப்பு. கடைசியில் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: டிசபிலிட்டி எலமெண்ட் (பென்ஷனில் உடல் பாதிப்புக்காகத் தரும் பகுதி), வெளியேறிய மறுநாளிலிருந்து, சதவீத உயர்வோடு. தேவைப்பட்டால் அப்பீல் மெடிக்கல் போர்டு முன் என்னை வரவழைக்கவும் என்றும் சேர்க்கலாம்.

ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆன அன்றே ட்ராக்கிங் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். நாள் கடந்தால் இணையத்தில் அந்த விவரம் கிடைக்காது. பின்னால் டிரிப்யூனலில் (ஆயுதப்படைத் தீர்ப்பாயம்) ‘அப்பீலே வரவில்லை’ என்று சொன்னால் கையில் காட்ட ஒன்று வேண்டும். ராஜா முத்தையா சாலையில் உள்ள முன்னாள் படைவீரர் நலத்துறை இயக்ககத்திலும், மாவட்ட நல அலுவலகங்களிலும் கடிதம் எழுத உதவி கேட்கலாம்.

எனக்கு 30 சதவீதம் என்கிறார்கள். 50 ஆக உயர்த்தலாம் என்கிறார்களே?

இதைத்தான் பிராட்-பேண்டிங் என்கிறார்கள். 2001 ஜனவரி 31 அரசுக் கடிதப்படி 50-க்குக் குறைவானது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76 முதல் 100 வரை 100 ஆகவும் கணக்கிடப்படும். மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்ததை, 2014 டிசம்பர் 10 ராம் அவதார் தீர்ப்பு முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் விரித்தது.

கணக்கு இப்படி: 100 சதவீதத்துக்கு டிசபிலிட்டி எலமெண்ட் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கணக்கில் எடுக்கும் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் 100 சதவீதத்துக்கு 15,000. உங்கள் 30 சதவீதத்துக்கு 4,500. பிராட்-பேண்டிங் ஆகி 50 என்றால் 7,500. மாதம் 3,000 ரூபாய் வித்தியாசம், அதன் மேல் அகவிலை நிவாரணம் தனி. ஏற்கனவே பென்ஷன் வாங்குபவர்களும் பி.பி.ஓ.வை எடுத்து எந்தச் சதவீதத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். போர்டு கொடுத்த 30 அப்படியே நின்றிருப்பதைப் பல வருஷம் கழித்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

ஒன்றுக்கு மேல் நோய் இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்ட மாட்டார்கள். மொத்தம் சற்றுக் குறைவாக வரும். 15 முதல் 19 சதவீதம் என்று நிறுத்தியிருந்தால், இப்போதைய நிலையைக் காட்டும் நிபுணர் அறிக்கையோடு மறுபரிசீலனை மெடிக்கல் போர்டு கேளுங்கள். மருத்துவக் காரணத்தால் இன்வாலிட் ஆனவர் என்றால், பாதிப்பு 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று சுக்விந்தர் சிங் தீர்ப்பு சொல்கிறது.

நானே விருப்ப ஓய்வில் வந்தேன். கேட்கலாமா?

2006 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்து, முன்கூட்டியே ஓய்வு கேட்டு வந்தவர்களுக்கும் டிசபிலிட்டி எலமெண்ட் உண்டு என்று 2009 செப்டம்பர் 29 அரசுக் கடிதம் சொல்கிறது. கேளுங்கள்.

முதல் அப்பீலும் நிராகரிக்கப்பட்டது, அல்லது பதிலே இல்லை. அடுத்து?

நிராகரிப்பு வந்தால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். முதல் குழு கவனிக்காமல் விட்ட காகிதம் எது என்று சொல்லி எழுதுங்கள். பழைய அப்பீலை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் பழைய பதில்தான் வரும். அனுப்பி ஆறு மாதம் பதில் இல்லை என்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007 பிரிவு 21-ன்படி வழிகள் தீர்ந்ததாகக் கருதி டிரிப்யூனலுக்குப் போகலாம்.

சென்னை டிரிப்யூனலில் வழக்கு எப்படி நடக்கும்?

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை தீவுத்திடலில் இருக்கிறது. ஓய்வு பெற்றவர் தான் குடியிருக்கும் பகுதிக்கான கிளையிலேயே வழக்குப் போடலாம். ரெக்கார்ட் ஆபீஸ் ஜபல்பூரில் இருக்கிறது என்று அங்கே போக வேண்டியதில்லை. ஒரு நீதித்துறை உறுப்பினரும், படையில் உயர் பதவி வகித்த ஒரு நிர்வாக உறுப்பினரும் விசாரிப்பார்கள்.

போடுவது ஓ.ஏ., அதாவது மூல மனு. எதிர்மனுதாரர்களாகப் பாதுகாப்பு அமைச்சகச் செயலாளர், படைத் தளபதி, ரெக்கார்ட் ஆபீஸ் பொறுப்பதிகாரி, ராணுவம் என்றால் ஓய்வூதியக் கணக்கு அலுவலகமான பிரயாக்ராஜ் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் வருவார்கள். இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும்; தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் எம்.ஏ. மனுவைச் சேர்த்துப் போட வேண்டும். இணைப்புகளுக்குப் பக்க எண் போட்டு, கையெழுத்து மங்கிய மெடிக்கல் பக்கங்களைத் தட்டச்சு செய்தும் இணையுங்கள். படிக்க முடியாத நகல்தான் மனு திரும்பி வர அதிகம் காரணமாகிறது. எதிர்த்தரப்பு பதில் மனுவோடு உங்கள் முழுப் போர்டு கோப்பையும் தாக்கல் செய்யும். ஆர்.டி.ஐ.யில் கிடைக்காத பக்கம் அதில் இருக்கலாம், வரி விடாமல் படியுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

நீங்களே ஆஜராகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12-ன்படி இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வரும் அரியரில் இத்தனை சதவீதம் என்று பேசும் வக்கீலிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன.

ஓய்வு பெற்று 20 வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் முடியுமா?

முடியும். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் குறை என்பதால் தாமதத்தை மன்னிக்கிறார்கள். ஆனால் 2008 தார்செம் சிங் தீர்ப்பின் அடிப்படையில் அரியரை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் நிறுத்துவது வழக்கம். ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் ஒரு மாதப் பணம் போகிறது என்று அர்த்தம். இன்னொன்று: வெளியேறி 15 வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கோரினால், 2008 விதிகளின்படி நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல் வந்துவிடுகிறது.

வழக்கு ஜெயித்தோம், பணம் வரவில்லை.

உத்தரவின் சான்று நகலை வாங்கி, ரெக்கார்ட் ஆபீஸுக்கும் பி.சி.டி.ஏ.வுக்கும் நீங்களே அனுப்புங்கள். பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷ் கணக்கில் கைபேசி எண்ணும் வங்கி விவரமும் சரியா, வருடாந்திர லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். திருத்திய பி.பி.ஓ. ஸ்பர்ஷில்தான் ஏறும். உத்தரவில் சொன்ன கெடு தாண்டினால் அதே டிரிப்யூனலில் நிறைவேற்ற மனு போடலாம். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, டிரிப்யூனல் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போட இரு தரப்புக்கும் வழி உண்டு. அரசு ரிட் போட்டிருக்கிறதா, இடைக்காலத் தடை உள்ளதா என்று சென்னை உயர் நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். தடை இல்லை என்றால், வழக்கு நிலுவையில் உள்ளது என்பதற்காகப் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது.

ஆவடியில் சி.ஆர்.பி.எஃப்.-ல் இருந்தேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளுக்கு மத்திய அரசு ஊழியர்களின் அசாதாரண ஓய்வூதிய விதிகள்தான். வழக்கும் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

கணவர் அப்பீல் நடக்கும்போதே இறந்துவிட்டார். நான் தொடரலாமா?

தொடரலாம், அம்மா. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதிய பி.பி.ஓ. மூன்றின் நகலோடு உங்கள் பெயரைச் சேர்க்கக் கோரி மனு கொடுங்கள். அவர் இறந்த நாள் வரை சேர வேண்டிய தொகை உங்களுக்கு வரும். அவருடைய பழைய ட்ரங்குப் பெட்டியில் மருத்துவமனைச் சீட்டுகள், சிக் ரிப்போர்ட், லீவு சான்றிதழ் எது இருந்தாலும் பழசு என்று எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.